சாமை இல்லாத மலைச்சாமை

தீவனப் பையின் மேல் இருக்கும் பெயருக்கும் மாட்டின் மடிக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். மாடு படிக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடைக்காரர் படிப்பார், படித்ததை விவசாயியிடம் சொல்வார், விவசாயி பூரித்துப்போய்த் தொட்டியில் கொட்டுவார், அந்தப் பூரிப்பைப் பார்த்து மாடும் தாராள மனசோடு பால் இறக்கும் என்று நினைத்திருந்தேன். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டுதான் பதினெட்டு வருஷம் நம் மில்லில் பைகளுக்குப் பெயர் வைத்தேன்.

போன மாதம், முதுகெலும்பில் இரண்டு வட்டு தேய்ந்துபோனதால், ஐம்பத்து மூன்று வயதிலேயே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் லேபிள் விதிகளை மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படிக்கிறீர்களாம். நல்லது. அந்தப் புத்தகத்தின் அட்டையில் வட்ட வட்டமாகக் கறை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது என் டீ கிளாஸ். உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களே படித்துக்கொள்வீர்கள். அதில் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன்.

விதி சொல்வது சின்ன விஷயம்தான். பெயரில் ஒரு பொருள் இருந்தால் பைக்குள்ளும் அது இருக்க வேண்டும், அதுவும் பேச்சுக்கு ஒரு பிடி போட்டால் போதாது. எந்தப் பிராணிக்கு என்று சொல்கிறோமோ அதற்கு ஒத்துவர வேண்டும். படத்துக்கும் அதே சட்டம். முதல் தடவை இதைப் படித்தபோது, 'பாவம், இதை எழுதினவருக்குக் கற்பனையே கிடையாது' என்று பரிதாபப்பட்டேன்.

எனக்கோ கற்பனை பொங்கி வழிந்தது. ஒரு தடவை ஆட்டுத் தீவனத்துக்கு 'பாதாம் கிடா' என்று பெயர் வைத்தேன். பையில் கொழுத்த கிடா ஒன்று, அதன் தலைக்கு மேல் கிரீடம் மாதிரி ஏழு பாதாம் பருப்பு. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நைனார்பாளையத்திலிருந்து ஒருவர் பையோடு மில்லுக்கே வந்துவிட்டார். என் அறையில் செய்தித்தாளை விரித்தார், பையை அவிழ்த்துக் கொட்டினார், உட்கார்ந்து விரலால் கிளற ஆரம்பித்தார்.

"இன்னாங்க தேடறீங்க?" என்றேன்.

"பாதாமு. மூணு பை வாங்கிட்டன், இன்னும் ஒண்ணுகூட ஆப்புடல. ஆடு திங்கறதுக்கு முன்னாடி புள்ளைங்களுக்கு ரெண்டு எடுத்து வெக்கலாம்னு பாத்தா, நீங்க முந்திக்கினீங்களா?"

அவருக்கு ஒரு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இதுலயாவது இருக்குதே" என்று சிரித்துக்கொண்டே போனார். அன்று நான் கற்றிருக்க வேண்டிய பாடம் வேறு. நான் கற்றதோ, ஒரு பெயர் தவறாகப் போனால் ஒரு பாதாம் பாலில் சரிசெய்துவிடலாம் என்பது.

அந்தத் தைரியத்தில் பிறந்ததுதான் 'மலைச்சாமை'.

கல்வராயன் மலையில் நம் கறவைத் தீவனம் போகவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மலைக்காரங்க மனசுல ஒட்டற மாரி ஒரு பேரு வையிய்யா" என்றார். மலை என்றால் சாமை. எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பச்சை மலை, அதன் முன்னால் குனிந்து நிற்கும் சாமைக் கதிர், மேலே கொட்டை எழுத்தில் மலைச்சாமை. அந்தக் கதிரை நானே வரைந்தேன். உள்ளே இருந்தது மலைக்குக் கீழே விற்ற அதே தீவனம்: மக்காச்சோளம், நொய், மாவு எடுத்த மரவள்ளிச் சக்கையான திப்பி, கரும்பாலைப் பாகு, கொஞ்சம் புண்ணாக்கு. சாமை என்று எழுதிய காகிதம்கூட உள்ளே கிடையாது. பை மலையேறியது. விற்றது. முதலாளி முதுகில் தட்டினார். அந்த வட்டு தேய ஆரம்பித்தது அப்போதாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கள்ளக்குறிச்சி கால்நடைத் துறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் நிறுவனத் தீவனங்களின் பெயர்கள், உள்ளிருக்கும் பொருள்களுக்கு மாறாக, வாங்குவோரைத் தவறாக எண்ணச் செய்கின்றனவா என்பது குறித்து' என்று ஆரம்பித்தது. அவ்வளவுதான் படித்தேன். மிச்சத்தை என் பயம் படித்தது. கடிதம் இரண்டு பக்கம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை.

முதலாளி அன்று ஊரில் இல்லை. எனக்குத் தோன்றிய காட்சி இது: அதிகாரி இந்நேரம் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக் கடையில் பையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார், சாமையைத் தேடுகிறார், கதிரை வரைந்தவன் யார் என்று கேட்கிறார். ஆகவே அவருக்கு முன்னால் நான் மலைக்குப் போய், ஒவ்வொரு பையிலும் நாலு பிடி சாமைத் தவிட்டைக் கலந்து, திரும்பத் தைத்துவிட வேண்டும். இப்போது எழுதும்போதே கூசுகிறது. அப்போது அது ராஜதந்திரமாகத் தெரிந்தது.

சங்கராபுரத்தில் ஒரு தானியக் கடையில் இரண்டு மூட்டை சாமைத் தவிடு வாங்கி பைக்கில் கட்டினேன். பை தைக்கிற கை மெஷினையும் நூலையும் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினேன். ஒவ்வொரு வளைவிலும் எதிரே ஜீப் வருகிற மாதிரியே இருந்தது. இரண்டு இடத்தில் இறங்கி வாந்தி எடுத்தேன். மூன்றாவது இடத்தில் வாந்தி வரவில்லை, சும்மா நின்று மில்லை நினைத்துக் கண்ணீர் விட்டேன்.

வெள்ளிமலைக் கடை வாசலில், நான் பயந்த மாதிரியே, வெள்ளை நிற அரசாங்க ஜீப் நின்றது.

உள்ளே பெஞ்சில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மடியில் ஃபைல். அதிகாரி என்று நெற்றியில் ஒட்டாத குறைதான். என்னை அடையாளம் தெரியக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனேன். கடைக்காரர் குமரவேல் என்னைப் பத்து வருஷமாகத் தெரிந்தவர். ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், கடைக்குள்ளார ஹெல்மெட்டு? போலீசு இங்கெல்லாம் புடிக்காது."

"தலவலி" என்று முனகினேன்.

"அது சரி. ஹெல்மெட்டுல மில்லு பேரு புதுசா எழுதியிருக்கீங்களா? பளிச்சுனு இருக்குது."

ஊரைவிட்டு ஓடிப்போக நினைத்த நேரத்தில்தான் வாசலில் அந்தப் பேச்சு கேட்டது. அந்தக் கடை முன்னால் மூட்டை எடை போடும் மேடைத் தராசு ஒன்று உண்டு. அதன் மேல் ஏறி நின்றால்தான் செல்போனுக்கு சிக்னல் வரும். ஒரு பெண் அதில் ஏறி நின்று, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் சின்னபாப்பா என்று பிறகு தெரிந்தது. அவர் போனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்தது. ஆகவே மறுமுனையில் கால்நடை டாக்டரம்மா பேசுவது கடை முழுக்கக் கேட்டது.

"எப்ப கன்னு போட்டுச்சு?"

"முந்தாநேத்து சாயங்காலம். நேத்து நல்லாத்தான் இருந்துச்சு டாக்டரம்மா. இன்னிக்குக் காலைல இருந்து அசை போடல. கழியுது. இப்ப படுத்துக்கினு எழுந்திருக்க மாட்டேங்குது. கன்னு முட்டி முட்டிப் பாக்குது, பாலே எறங்கல."

"தீனி என்ன வெச்சீங்க?"

"சாமைதான். எப்பவும் கன்னு போட்டா மூணு நாளு சாமைக் கஞ்சிதான் ஊத்துவோம். இந்தத் தடவ வூட்டுல சாமை இல்ல, எல்லாத்தையும் வித்துட்டோம். அதான் கடையில இந்தப் பை சாமைய வாங்கி, கஞ்சிப் பானை நெறைய ஊற வெச்சு வெச்சேன். ஆசையாத் தின்னுச்சி. ராத்திரிக்கும் ஒரு பானை, விடியக்கால ஒரு பானை."

"சாமைன்னா அதால இருக்காது. கன்னு போட்ட மாடு படுத்துடுச்சுன்னா சுண்ணாம்புச் சத்து எறங்கியிருக்கும். அதுக்கு ஊசி போட்டுரலாம். நான் கேம்ப்ல இருக்கேன். இங்க முடிச்சிட்டு பஸ்ஸு புடிச்சு சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் அந்தச் சாமையே குடுங்க, தெம்பா இருக்கும்."

நான் பெயர் வைத்தவன். டாக்டர் இல்லை. ஆனால் பதினெட்டு வருஷம் தீவன மில்லில் குப்பை கொட்டியவனுக்கு ஒன்று தெரியும். நீர்த்த கஞ்சிக்கு வைத்திருக்கும் பானை அளவுக்கு மக்காச்சோளமும் திப்பியும் பாகும், அதுவும் கன்று போட்ட மறுநாளே, மூன்று தடவை கொடுத்தால் அந்த வயிறு புளித்துப் பொங்கிவிடும். இப்போது இன்னொரு பானை கொடுக்கச் சொல்கிறார்கள். டாக்டரம்மா மேல் தப்பில்லை. நான் எழுதினதைத்தான் அவர் போனில் கேட்டார்.

எனக்கு இரண்டு முழத் தூரத்தில் அதிகாரி. வாயைத் திறந்தால் மில்லுக்குச் சீல், முதலாளிக்கு வழக்கு, எனக்கு வேலை போய்விடும். கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லலாமா? அந்தப் பெண்ணின் பின்னாலேயே அவர் வீட்டுக்குப் போய் மெதுவாகச் சொல்லலாமா? டாக்டரம்மா வந்த பிறகு சொல்லலாமா? இந்த மூன்று யோசனையும் எனக்கு உண்மையாகவே வந்தன. மூன்றையும் வரிசையாக வைத்து ரசித்தேன். அதற்குள் சின்னபாப்பா, "சரிங்க டாக்டரம்மா, இன்னொரு பானை ஊற வெக்கறேன்" என்று போனை வைக்கப் போனார்.

நான் ஓடினேன். ஹெல்மெட்டோடு தராசில் ஏறினேன்.

"யோவ், ரெண்டு பேரும் ஏறாதீங்க, ஸ்பிரிங்கு போயிரும்!" என்று குமரவேல் கத்தினார்.

"டாக்டரம்மா! போன வெக்காதீங்க! அதுல சாமை இல்ல!"

போனில் டாக்டரம்மா கேட்டார், "யாருங்க பேசறது?"

"அந்தத் தீவனத்துக்குப் பேரு வெச்சவன்."

"பையில சாமைன்னு போட்டிருக்குதே?"

"அது பேரு மட்டுந்தாங்க."

"கதிரு படமெல்லாம் போட்டிருக்குதே!" இது சின்னபாப்பா.

"அது நான் வரைஞ்சது."

"அப்ப உள்ள என்னதான் இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

சொன்னேன். எது எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எந்தப் பையிலும் அச்சடிக்காத பட்டியல், வெள்ளிமலைக் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கிணற்றில் பேசுகிற மாதிரி வந்தது. டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது.

"அய்யோ, வயிறு புளிச்சுப்போயிருக்குதுங்க. அந்தத் தீவனத்த ஒரு பிடிகூட இனிமே காட்டாதீங்க. ஆப்ப சோடா கெடைக்குமா? தண்ணியில கரைச்சுக் குடுங்க, புரையேறாம, கொஞ்சம் கொஞ்சமா. அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. நான் இப்பவே கெளம்பணும், பஸ்ஸு பாத்துக்கினு இருந்தா ஆவாது. யாராவது வண்டி அனுப்ப முடியுமா?"

தராசிலிருந்து இறங்கினேன். அதிகாரி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து என்னை நோக்கி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, கோர்ட்டில் நிற்கிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

"சார், எல்லாம் நான்தான் சார். முதலாளிக்குத் தெரியாது. நீங்க சாம்பிள் எடுக்க வேண்டியதே இல்ல. சாமை இல்ல சார். சத்தியமா இல்ல."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "யோவ், நான் ரோட்டு ஆபீசு. வளைவுல கண்ணாடி வெக்க எடம் அளக்க வந்தேன். நீ எதுக்குய்யா என்கிட்ட அழுவற? அந்த டாக்டரம்மா எந்த ஊருல இருக்காங்கன்னு கேளு, ஜீப்ப அனுப்பறேன்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. வாந்தி எடுத்த சட்டை என்பதால் விட்டுவிட்டேன்.

அப்புறம் நடந்ததில் பெரிய சாகசம் இல்லை. குமரவேல் கடையிலிருந்த ஆப்ப சோடா போதவில்லை. நான் மூன்று டீக்கடைகளுக்கு ஓடி இருந்ததையெல்லாம் வாங்கி வந்தேன். அன்று சாயங்காலம் வெள்ளிமலையில் போண்டா கிடையாது. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் என் பெயர் சொல்லப்பட்டது. ஹெல்மெட்டைப் பார்த்து மில் பெயரும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

சின்னபாப்பா வீட்டுக் கொட்டகையில் செவலை மாடு கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் போட்டுப் படுத்திருந்தது. பக்கத்தில் கால் தடுமாற நின்ற கன்று. அந்த வீட்டுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். சின்னபாப்பா அதன் தலையைத் தன் மடியில் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் பாட்டிலில் சோடாத் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டேன். பாதி மாட்டுக்கும் பாதி என் சட்டைக்கும் போனது.

"ஏண்ணா," என்றார் சின்னபாப்பா, மாட்டின் தாடையைத் தடவிக்கொண்டே. கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. "சாமை இல்லன்னா சாமைன்னு ஏன் எழுதனீங்க? மக்காச்சோளம்னு எழுதியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்னு நெனச்சீங்களா? வாங்கியிருப்பேன். கறக்கிற மாட்டுக்கு நாங்களும் மக்காச்சோளம் வெப்போம். கன்னு போட்ட மாட்டுக்குத்தான் வெக்க மாட்டோம்."

பதினெட்டு வருஷத்தில் பெயர் வைப்பதைப் பற்றி யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பாட்டிலைச் சாய்த்துக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாடு ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், அதன் புளித்த நாற்றத்தில் எனக்குக் கண் எரிந்தது. வாசலில் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு.

ஜீப் டாக்டரம்மாவைக் கொண்டுவந்து இறக்கியது. அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றினார். என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "சாமைன்னே நெனச்சிருந்தா நான் வேற மருந்த எடுத்துக்கினு, நிதானமா வந்திருப்பேன்."

போகும்போது சின்னபாப்பா என் பைக்கைப் பார்த்தார். "அந்த மூட்டையில இன்னா?"

பொய் சொல்ல உடம்பில் தெம்பு இல்லை. "சாமைத் தவிடு. பையில கொஞ்சம் கலந்துரலாம்னு."

அவர் மூட்டைக்குள் கையை விட்டார், ஒரு பிடி எடுத்து மோந்தார். "இது எங்க பக்கத்து சாமைத் தவிடு. கீழ நாங்க ஏத்தி வுட்டது. எங்க சாமைய எங்களுக்கே தூக்கிக்கினு வந்தியாண்ணா, அதுவும் ஏமாத்தறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். இரண்டு மூட்டையையும் இறக்கி வைத்துக்கொண்டார். தைக்கிற மெஷினை மட்டும் திருப்பித் தந்தார்.

தம்பி தங்கைகளே, பெயர் வைக்க உட்காரும்போது விதிப் புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும். அதோடு இதையும் செய்யுங்கள். பையைக் கண்ணால் பார்க்க முடியாத ஒரு டாக்டருக்கு, போனில் பெயரை மட்டும் யாரோ படித்துக் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டு அவர் சரியான மருந்தை எடுப்பாரா? எடுப்பார் என்றால் அச்சுக்கு அனுப்புங்கள். பயம் வந்தால் வெட்கப்படாதீர்கள். நான் பயந்ததால்தான் அன்று மலையேறினேன். ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்பதைப் பாதி வழியிலாவது மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். அதிகாரிக்குப் பயந்து கிளம்பியவன், தராசில் ஏறும்போது மாட்டுக்குப் பயந்திருந்தேன். என் உத்தியோகத்தில் நான் பெற்ற ஒரே பதவி உயர்வு அது.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிதத்தைக் கேட்டார். முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பினார். இரண்டாம் பக்கத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். எல்லா மில்லுக்கும் அனுப்பிய பொதுச் சுற்றறிக்கை அது. பெயர்களை நீங்களே சரிபார்த்து, பொருந்தாதவற்றை மாற்றி, புதிய பட்டியலைத் தபாலில் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. யாரும் எங்கேயும் வருவதாக ஒரு வார்த்தை இல்லை.

'மலைச்சாமை' பைகளையெல்லாம் மலையிலிருந்து இறக்கினோம். இப்போது அது 'மக்காச்சோளக் கலப்புத் தீவனம், கறவை மாட்டுக்கு'. கீழே, உள்ளே இருப்பதெல்லாம் பெரிய எழுத்தில். அதற்கும் கீழே, கன்று ஈன்ற மாட்டுக்கு உடனே கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி. படத்தில் மக்காச்சோளக் கதிர், அதையும் நான்தான் வரைந்தேன், சுமாராக இருக்கும்.

செவலை மூன்றாம் நாள் காலையில் தானாக எழுந்து வைக்கோல் தின்றது. நான் மலையேறிய அன்று அங்கே அதிகாரி என்று வந்தவர், கண்ணாடி வைக்க இடம் அளந்தவர் ஒருவர்தான்.